பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்) புது டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, எந்த கேபிள் வாங்குவது? (அவசரம்)

திருச்சிக்காரன்:
வணக்கம். புது எல்இடி டிவி வாங்கி மாட்டியாயிற்று. பிஎஸ்2 போட்டால் சத்தம் நன்றாக வருகிறது, படம் மட்டும் கறுப்பு வெள்ளை. கேபிள் போய்விட்டதா, கன்சோலே போய்விட்டதா? புதிதாக வாங்குவதென்றால் எச்டிஎம்ஐயா (படமும் சத்தமும் ஒரே வயரில்), கம்போனென்டா (படத்துக்கே பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர்)? ஞாயிற்றுக்கிழமை அக்கா பசங்க வருகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன்:
தடி மாடலா, ஸ்லிம்மா? அடியில் ஒட்டியிருக்கும் நம்பர் என்ன? இப்போது எந்த கேபிள், டிவியில் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நைட்ஷிப்ட்:
கேபிளை விடுங்கள் ப்ரோ. சென்னை ரிச்சி தெருவில் ஏவி டூ எச்டிஎம்ஐ டப்பா கிடைக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் அதில் செருகி யுஎஸ்பி பவர் கொடுத்தால் 1080பி வந்துவிடும்.

சால்டரிங்_மாமா:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி நைட்ஷிப்ட், மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகிறது. கலந்ததை அந்த டப்பா பெரிதாக்கித்தான் காட்டும், இல்லாத விவரத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

பழைய_டப்பா:
நிறம் வரவில்லை என்றால் என்டிஎஸ்சி - பேல் தகராறுதான் (நாட்டுக்கு நாடு மாறும் இரண்டு டிவி கலர் முறைகள்), சந்தேகமே வேண்டாம். கன்சோல் வெளிநாட்டிலிருந்து வந்ததா?

திருச்சிக்காரன்:
ஆமாம், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஸ்லிம், 77006 என்று இருக்கிறது. கூட வந்த கேபிள்தான். டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை, பச்சை நீலம் சிவப்புதான், அதனால் மஞ்சளைப் பச்சையில் செருகினேன்.

பழைய_டப்பா:
பார்த்தீர்களா, கடைசியில் 6. சிங்கப்பூர், மலேசியா பக்கத்து மாடல், என்டிஎஸ்சி. நான் சொன்னதேதான்.

வயர்மேன்:
அவசரப்படாதீர்கள். இப்போதைய டிவிகள் பெரும்பாலும் என்டிஎஸ்சியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். திருச்சி, அந்தப் பச்சை ஓட்டைக்குப் பக்கத்தில் வீடியோ என்றும் எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் ஒரே ஓட்டை இரண்டு வேலை செய்கிறது. ரிமோட்டில் சோர்ஸ் போய்ப் பாருங்கள், கம்போனென்ட் என்று இருந்தால் ஏவி என்று மாற்றுங்கள். கம்போனென்டில் பச்சை வயர் வெளிச்சத்தை மட்டும்தான் கொண்டுவரும், டிவி அதில் நிறத்தைத் தேடவே தேடாது, அதனால்தான் கறுப்பு வெள்ளை. மாற்றியும் வரவில்லை என்றால் அப்புறம் படத்தின் செட்டிங்கில் கலர் சிஸ்டம் ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நைட்ஷிப்ட்:
சரி, ஆனால் எச்டிஎம்ஐ ஒரே வயர். கம்போனென்ட் கேபிளில் ஐந்து தலை, அதில் சிவப்பே இரண்டு. ஒன்று படத்துக்கு, ஒன்று சத்தத்துக்கு. மாற்றிச் செருகிவிட்டு எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது என்று அடுத்து ஒரு பதிவு வரும் பாருங்கள்.

பழைய_டப்பா:
இரண்டும் வேண்டாம். பழைய குண்டு டிவி ஒன்று தேடி வாங்குங்கள். சிக்னல் வர வர அப்படியே திரையில் வரைந்துவிடும். எல்இடி டிவி, இரண்டு பாதியாக வரும் 480ஐ (480i) படத்தை ஒட்டவைத்து, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். பட்டனை அழுத்தினால் அடி தாமதமாகத்தான் விழும். பொம்மைத் துப்பாக்கியைத் திரையை நோக்கிப் பிடித்துச் சுடும் கேம்கள் எல்இடியில் வேலையே செய்யாது, தெரியுமா?

நைட்ஷிப்ட்:
அதைத் தூக்குவதற்கு இரண்டு ஆள், பழுது பார்க்க ஆளே இல்லை. டிவியில் கேம் மோட் போட்டால் தாமதம் பெரும்பாலும் போய்விடும்.

பழைய_டப்பா:
பெரும்பாலும் என்பதும் முழுதும் என்பதும் ஒன்றா? சண்டை கேம் ஆடிப் பாருங்கள், தெரியும்.

நைட்ஷிப்ட்:
அக்கா பசங்க ஆடப்போவது கார் ரேஸ், உலகக் கோப்பை இல்லை.

சால்டரிங்_மாமா:
இருவரும் போதும். கேட்டவருக்குப் பதில்: கம்போனென்ட் ஓட்டை உங்கள் டிவியிலேயே இருக்கும்போது கம்போனென்ட் கேபிள்தான். நிறம் தனி வயரில் வருவதால் என்டிஎஸ்சி, பேல் நிறத் தகராறும் இருக்காது. மஞ்சள் வயரில் 480பி (480p, பாதி பாதியாக இல்லாமல் முழுப் படமாக வருவது) வராது, இதில் வரும். சில என்டிஎஸ்சி கேம்களில் தொடங்கும்போது கன்ட்ரோலரில் முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தால் 480பி வேண்டுமா என்று கேட்கும். கிரான் டூரிஸ்மோ 4-இல் 1080ஐ (1080i) கூட உண்டு. பிஎஸ்2-இன் பின்பக்கத்தில் நேராகச் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டரில் சிலது உள்ளே இதே கம்போனென்ட் சிக்னலைத்தான் எடுக்கிறது, டிவியில் கம்போனென்ட் இல்லாதவர்கள் அதை வாங்கலாம். மஞ்சளை எடுக்கும் டப்பா காசுக்குக் கேடு.

திருச்சிக்காரன்:
ஏவி என்று மாற்றியதும் கலர் வந்துவிட்டது. வயர்மேன் அண்ணனுக்கு நன்றி. கம்போனென்ட் கேபிளும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

சால்டரிங்_மாமா:
ஒன்றை மறக்க வேண்டாம். மஞ்சளைக் கழற்றுவதற்கு முன்பே, டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய், கம்போனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபி (RGB) என்று இருந்தால் மற்றதற்கு மாற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு படமே வராமல் போகலாம், அப்போது மெனுவைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்த்தீர்களா? திருச்சி?

வயர்மேன்:
ஆள் ஆடப் போய்விட்டார் போலிருக்கிறது.

இரவுப்பறவை:
இடையில் வந்ததற்கு மன்னிக்கவும், என்னிடம் வீ (நின்டென்டோவின் Wii கன்சோல்) இருக்கிறது. பிஎஸ்2 கம்போனென்ட் கேபிளை அதிலும் போடலாமா?

சால்டரிங்_மாமா:
போட முடியாது, கன்சோல் பக்கத்துத் தலை வேறு. தனி இழை தொடங்குங்கள். தொடங்கும்போது டிவியின் பின்பக்கப் படத்தையும் போடுங்கள்.