நீர்நிலைச் செலுத்தம் என்றால் குளம்தானே ஞாபகம் வருகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

புல்வெட்டி வண்டியில் என்ஜினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் செலுத்தம் (டிரான்ஸ்மிஷன்) இரண்டு வகை: எண்ணெயால் ஓட்டும் ஹைட்ரோஸ்டேடிக், பெல்ட்டால் ஓட்டுவது. இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஐந்து கோடைகாலம் புல்வெட்டும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. முதலில், நண்பர் ஒருவர் இங்கே எழுதியது:

> ஹைட்ரோஸ்டேடிக் என்பதற்கு நீர்நிலைச் செலுத்தம் என்றே வைத்துவிடலாம். நீர்நிலையியல் ஏற்கனவே அகராதியில் இருக்கிறதே.

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நீர்நிலை என்றதும் நம் ஆட்களுக்குக் கண்ணில் வருவது ஏரியும் குளமும், அதைத் தொட்டு ஆக்கிரமிப்பு வழக்கும். அதைக் கொண்டுபோய்ப் புல்வெட்டியில் ஒட்டினால் யாருக்கு என்ன புரியும்? சரி, புரியாவிட்டாலும் பழகிக்கொள்ளலாம் என்றால், உள்ளே இருப்பது தண்ணீரும் இல்லை. பல வண்டிகளில் ஊற்றுவது 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில்தான். அது நிலையாகவும் நிற்பதில்லை, வண்டி ஓடும் வரை பம்புக்கும் சக்கர மோட்டாருக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். நீரும் இல்லை, நிலையும் இல்லை, அப்புறம் எதற்கு நீர்நிலை.

மூலச்சொல்லிலேயே (ஹைட்ரோ என்றால் நீர், ஸ்டேடிக் என்றால் நிலை) இந்தக் குழப்பம் உண்டு. எண்ணெயை வைத்துத் திறனைக் கடத்த இரண்டு வழி. ஒன்று, எண்ணெயை வேகமாக வீசி, அந்த வீச்சின் வேகத்தாலேயே எதிரில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றுவது. ஆட்டோமேட்டிக் கார்களின் டார்க் கன்வெர்ட்டர் இந்த வகை. இன்னொன்று, எண்ணெயை அடைத்து அழுத்தி, அந்த அழுத்தத்தால் தள்ளுவது. ஜேசிபியின் கை தூக்குவதும் பள்ளிப் புத்தகத்து நீரியல் தூக்கியும் இந்த வகைதான். இரண்டாவதில் வேலை செய்வது அழுத்தம், வேகம் அல்ல. அதனால்தான் அங்கே 'ஸ்டேடிக்' வந்தது. ஆகவே தமிழில் பிடிக்க வேண்டியது அழுத்தத்தை. என் பரிந்துரை எண்ணெயழுத்தச் செலுத்தம். டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு எண்ணெய்வீச்சுச் செலுத்தம் என்று வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். ஃப்ளூயிட் என்பதற்கு யாழ்ப்பாண நண்பர் 'பாயி' என்றும் தமிழகத்தார் 'பாய்மம்' என்றும் எழுதி இந்த இழையில் ஏற்கனவே ஒரு சுற்று நடந்துவிட்டது. எண்ணெய் என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டையே வேண்டாம்.

பெல்ட்டுக்கு வருகிறேன். பெல்ட் டிரைவுக்கு இழையில் வந்த 'வார்ச்செலுத்தம்' அழகாகத்தான் இருக்கிறது. செருப்பு வார் அறுந்ததென்று இன்றும் சொல்கிறோம், சொல் சாகவில்லை. ஆனால் பட்டறைக்காரர் காதில் வார் என்று விழுந்தால் வார்ப்பிரும்பு, வார்ப்படம் என்றுதான் போகும். எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியை உள்பக்கம் தூவுவார், 'பெல்ட்டு ஸ்லிப் ஆவுது' என்பார். அவர் வாயில் ஒரு நாளும் வார் வந்ததில்லை. போர்த்துகீசியக்காரனிடம் சாவியும் ஜன்னலும் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்ட நாம் பெல்ட்டை மட்டும் வாசலில் நிறுத்துவானேன். பெல்ட் செலுத்தம் போதும் என்பது என் கருத்து, தனித்தமிழ் அன்பர்கள் வார் என்று எழுதினால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் வரையறையில் ஒரு திருத்தம் அவசியம். முந்தைய மடலில் 'பெல்ட் உள்ளது, பெல்ட் இல்லாதது' என்று பிரித்திருந்தீர்கள். அது தவறு. எண்ணெயழுத்தத்தால் ஓடும் வண்டியிலும் (சுருக்கமாக எண்ணெய் வண்டி) பெல்ட் உண்டு, என்ஜினிலிருந்து பம்புக்கு ஒன்று, பிளேடுக்கு ஒன்று. சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோவது எது என்பதுதான் பிரிக்கும் இடம். பெல்ட் வண்டியில் கியர்பெட்டியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி பெல்ட். கைப்பிடியில் இரண்டு லீவர், பாதி அழுத்தினால் அந்தப் பக்கத்து பெல்ட் தளரும், முழுக்க அழுத்தினால் பிரேக் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். நாள் முழுக்க இப்படி அழுத்திவிட்டு ராத்திரி சோற்றைப் பிசைந்தால் விரல் மடங்காது.

எண்ணெய் வண்டியில் பம்புக்குள் ஒரு தட்டு சாய்கிறது (சாய்தட்டு என்கிறேன், ஆட்சேபம் உண்டா?). தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் சுற்றுமே தவிர முன்னும் பின்னும் அசையாது, எண்ணெய் போகாது, சக்கரம் நிற்கும். சாயச் சாய எண்ணெய் கூடும், வேகமும் கூடும். மறுபக்கம் சாய்த்தால் எண்ணெய் திரும்பிப் பாயும், வண்டி பின்னால் வரும். கியரே மாற்ற வேண்டாம். பெல்ட் வண்டிகள் சிலவற்றில் ரிவர்ஸ் கிடையாது, இருநூறு கிலோ இரும்பை வேலி மூலையிலிருந்து நாமேதான் பின்னால் இழுக்க வேண்டும்.

இதனால்தான் பின்னால் நடந்து ஓட்டும் வண்டிக்கு (வாக்-பிஹைண்ட்) வைத்த 'பின்நடைப் புல்வெட்டி' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. பின்நடை என்றால் பின்னோக்கி நடப்பது போல ஒலிக்கிறது, பின்னால் வரவே வராத வண்டிகளும் இருக்கையில் அந்தப் பெயரா? கலப்பையின் கைப்பிடிக்கு மேழி என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கிறது. கருவி முன்னால், கைப்பிடி பிடித்த ஆள் பின்னால், அதே நடை. மேழிப் புல்வெட்டி என்று வைத்துப் பாருங்களேன். ஏறி உட்காரும் வண்டியோடு குழம்பவும் குழம்பாது.

கடைசியாக, இழையைத் தொடங்கிய நண்பர் சொல்லை விட்டுவிட்டு எதை வாங்குவது என்று நடுவில் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன். ஒரு மே மாதக் காலை, புல்லில் பனி காயவில்லை. 48 அங்குல அகலத்துக்கு வெட்டும் பெல்ட் வண்டியைச் சரிவின் குறுக்கே ஓட்டுகிறேன். மூக்கு பள்ளத்துப் பக்கம் இழுக்கிறது. மேட்டுப் பக்கத்து லீவரை அழுத்தினேன், அப்படித்தான் அழுத்த வேண்டும். இப்போது மொத்தப் பாரமும் பள்ளத்துச் சக்கரத்து பெல்ட்டில். அது நனைந்திருந்தது. ஒரு கீச்சொலி, அவ்வளவுதான், சக்கரம் சுற்றவில்லை, வண்டி தன்பாட்டுக்குச் சறுக்கிப்போய் வீட்டுக்கார அம்மாவின் ஹைட்ரேஞ்சியா பூச்செடியில் நின்றது. எண்ணெய் வண்டியிலும் டயர் சறுக்கலாம், ஆனால் செலுத்தம் இவ்வளவு எளிதில் நழுவியிருக்காது.

ஆக, சரிவும் காலை ஈரமும் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கூடப் போனாலும் எண்ணெயழுத்தம். சமதரை, சின்னச் சின்னத் தோட்டம், புல் காய்ந்த பிறகு வேலை என்றால் பெல்ட் வண்டி தாராளமாகப் போதும். அறுந்தால் இரண்டு ஸ்பானரோடு மரத்தடியில் உட்கார்ந்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம், பம்பு போனால் அது நடக்காது. எதை வாங்கினாலும் முதலில் கொல்லைப்புறக் கேட்டின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

சாய்தட்டுக்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள், 'சரிதட்டு' மட்டும் வேண்டாம்.