ரிலீஸ் லெட்டர் தராட்டி பொடியன் அஞ்சு வருசம் உவைக்கு அடிமையோ?

கொக்குவில் மாமா:
அக்கான்ர மகனுக்கு 17 வயசு, ஃபுட்போலில லெஃப்ட் விங் ஆடுறவன், கால் நல்ல வேகம். போன வருசம் எங்கட பக்கத்துக் கழகமொண்டு (பேர் வேண்டாம், எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்) பேப்பரொண்டில கையெழுத்து வாங்கி அஞ்சு வருசம் எங்களுக்குத்தான் ஆடவேணும் எண்டவை. இப்ப கொழும்பில ஒரு கிளப் கூப்பிடுது, தங்க இடம், மாசக் காசு, ஏ.எல். (உயர்தரம்) படிக்கவும் விடுவினமாம். ரிலீஸ் லெட்டர் (வேற கழகத்துக்குப் போக விடுற கடிதம்) கேட்டுப் போனா மூண்டு லட்சம் வை எண்டினம். அத்தான் தோட்டக்காரர், அவர் மூண்டு லட்சத்துக்கு எங்க போவார்? இது சட்டப்படி செல்லுமோ?

முன்னாள் செயலாளர்:
தம்பி, நான் 12 வருசம் ஒரு கழகத்தில செயலாளரா இருந்தனான், அதால மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கோ. அந்தப் பொடியனுக்குப் பூட்ஸ் ஆர் வாங்கிக் குடுத்தது, மட்ச்சுக்கு வான் பிடிச்சு மன்னாருக்குக் கொண்டுபோனது ஆர், வெளிநாட்டில இருக்கிற ஊராக்களிட்டக் கெஞ்சி காசு எடுத்தது ஆர்? வளர்த்து விட்டாப் பேந்து கொழும்புக்காரன்ர ஒரு ஃபோன் கோல் வந்தோண்ணக் கொத்திக்கொண்டு போவான். உலக ஃபுட்போல் சங்கம் ஃபீஃபாவே ட்ரெய்னிங் கொம்பன்சேசன் எண்டு 12 வயசில இருந்து 21 வரை பழக்கின கிளப்புக்குக் காசு கட்டச் சொல்லுது. அப்ப நாங்கள் கேட்டா மட்டும் கொள்ளையோ?

குருநகர்க் காத்து:
அண்ணை அந்தச் சட்டத்தை முழுசா வாசிச்சனீங்களோ? அது பொடியன் முதல் ப்ரொஃபெஷனல் கொன்ட்ராக்ட் வைக்கேக்க, இல்லாட்டி 23 வயசாகிற வருசம் முடியிறதுக்குள்ள ஒரு நாட்டில இருந்து மற்ற நாட்டுக்கு மாறேக்க வாறது. கட்டுறது எடுக்கிற கிளப், பொடியன்ர அப்பர் இல்லை. உள்நாட்டு மாற்றத்துக்கு அந்தந்த நாட்டுச் சங்கம் தன்ர விதியைப் போடவேணும். இன்னொண்டு, 18க்குக் கீழ இருக்கிற ஆட்டக்காரனோட மூண்டு வருசத்துக்கு மேல ப்ரொஃபெஷனல் கொன்ட்ராக்ட் வைக்கேலாது எண்டும் அதே ஃபீஃபா விதியிலதான் கிடக்கு. உங்களுக்கு வேண்டினதை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டாதேங்கோ.

முன்னாள் செயலாளர்:
அவன் ப்ரொஃபெஷனல் இல்லை, சம்பளம் குடுக்கேல்ல, அப்ப அந்த விதி எங்களுக்கு எப்பிடிப் பொருந்தும்?

குருநகர்க் காத்து:
அதைத்தானே நானும் கேக்கிறன்! சம்பளமும் இல்லை, ப்ரொஃபெஷனலும் இல்லை, பேந்து என்னத்துக்கு அஞ்சு வருசம் கட்டி வைக்கிறியள்?

பருத்தித்துறைப் பிள்ளை:
சண்டையை விட்டிட்டு முக்கியமானதைப் பாப்பம். இலங்கையில 18தான் பராய வயசு, முந்தி 21, 1989இல மாத்தினவை. ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்து ரோமன் டச்சுச் சட்டம்தான், எங்கட யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமை காணி சீதனத்துக்கு, இதுக்குள்ள அதை இழுக்காதேங்கோ. பராயமடையாத பிள்ளை தாய் தகப்பன் துணையில்லாமத் தனியக் கையெழுத்து வைச்சா அது அவனைக் கட்டாது. ஆனா செயலாளர் அண்ணையின்ர கதையிலயும் ஒரு துளி நியாயம் இருக்கு, அவன் உண்மையா அனுபவிச்ச பலன் இன்னும் கையில இருந்தா அந்த அளவுக்குத் திருப்பிக் கேக்கலாம். அது பூட்ஸ் கணக்கு, மூண்டு லட்சக் கணக்கு இல்லை. சரி மாமா, தகப்பன் கையெழுத்து வைச்சவரோ?

கொக்குவில் மாமா:
அத்தான் தான் வைக்கேல்ல எண்டுறார். கழகம் வைச்சவர் எண்டுது. கொப்பி எங்களிட்ட இல்லை.

கிரிக்கெட் விசர்:
கொப்பி இல்லாம ஏன் இவ்வளவு நேரமாக் கத்துறியள்? ஃபுட்போலை விடுங்கோ, லங்கா பிரீமியர் லீக்கில (எல்.பி.எல்.) 2025 சித்திரையில ஜெஃப்னா கிங்ஸின்ர உரிமத்தையே ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேத்தேல்ல எண்டு ரத்துச் செய்தவை, முதல் அஞ்சு சீசனில நாலு தரம் யாழ்ப்பாணத்துக்குக் கப் வந்த அணி. கப் எத்தினை இருந்தாலும் பேப்பர் பேசும்.

குருநகர்க் காத்து:
பேப்பர் பேசும், ஆனா பேப்பர் முடிஞ்ச பிறகும் பிடிச்சு வைச்ச கதையும் இருக்கு. பெல்ஜியத்தில பொஸ்மன் எண்ட ஃபுட்போல்காரனுக்கு 1990இல ஒப்பந்தம் முடிஞ்சுது, லியேஜ் கிளப் சம்பளத்தைக் காவாசியாக் குறைச்சு, பிரான்சில டன்கெர்க் கிளப்புக்குப் போகவும் விடேல்ல. அவன் வழக்குப் போட்டு 1995 மார்கழி 15இலதான் ஐரோப்பிய நீதிமன்றம் அவன் பக்கம் சொல்லிச்சு. அஞ்சு வருசம்! அதுக்குள்ள ஆட்டமே போச்சு. 2024 ஐப்பசியில டியாரா எண்ட ஆட்டக்காரன்ர வழக்கிலயும், ஒப்பந்தத்தை முறிச்ச ஆட்டக்காரனை எடுக்கிற கிளப்பையும் சேத்துக் காசு கட்ட வைக்கிற ஃபீஃபா விதியள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் எண்டு அதே நீதிமன்றம் சொல்லிச்சு.

முன்னாள் செயலாளர்:
ஐரோப்பாவைக் காட்டி என்ன பிரயோசனம்? அங்க கோடிக் கணக்கில காசு, இங்க கோல் போஸ்ட்டுக்கு வலை வாங்கவே சீட்டுப் பிடிக்கிறம்.

கிரிக்கெட் விசர்:
ஃபீஃபாவிட்டயே பெட்டிசம் போடுங்கோவன் ;)

பருத்தித்துறைப் பிள்ளை:
உள்நாட்டுப் பிரச்சினைக்கு ஃபீஃபா வராது, அவையின்ர தீர்ப்புச் சபை நாடு விட்டு நாடு சம்பந்தப்பட்டதைத்தான் பாக்கும். ஊருக்குள்ள முதல்ல, கோட்டுக்குப் போகாமப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை இருக்கு, பெரிய செலவில்லை. ஆனா அதுக்கும் முதல் நேர போய் மூலப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கோ, போனில ஃபோட்டோ எடுங்கோ. காட்ட மாட்டம் எண்டா அதுவே ஒரு பதில்.

கொக்குவில் மாமா:
நேத்துப் போய் வந்தம். ரெண்டு தாள். ஒண்டு கழக அங்கத்துவப் படிவம். மற்றது கைப்பட எழுதினது, எத்தினை வருசம் எண்டு எழுதுற இடம் வெறுமையாக் கிடக்கு. அத்தான்ர பேருக்கு நேர கையெழுத்து இருக்கு. அத்தான் பாத்திட்டு இது என்ரை இல்லை எண்டார். பொடியன் மண்டையைச் சொறிஞ்சு கொண்டு நிக்கிறான். கடைசியா ஒத்துக்கொண்டான், அப்பா தோட்டத்தில நிண்டவர், கோச் அவசரப்படுத்தினார், தானே வைச்சனாம். எனக்கு அடிக்கிறதோ சிரிக்கிறதோ தெரியேல்ல.

குருநகர்க் காத்து:
ஹாஹா! வழக்கு முடிஞ்சுது.

பருத்தித்துறைப் பிள்ளை:
சிரிக்காதேங்கோ, தகப்பன்ர கையெழுத்தைப் போட்டது அவனுக்கும் தலையிடி தரலாம். கோச்தான் போடச் சொன்னவர் எண்டதை இப்பவே திகதியோட எழுதி வையுங்கோ.

கொக்குவில் மாமா:
அவையும் கொஞ்சம் இறங்கீட்டினம். மூண்டு லட்சம் வேண்டாமாம், போன வருசம் முழங்கால் ஸ்கான் எடுத்த 28,000ஐத் தந்தா லெட்டர் தருவினமாம். அக்கா குடுப்பம் எண்டுறா.

முன்னாள் செயலாளர்:
ஸ்கான் பில்லைக் காட்டினவையோ?

கொக்குவில் மாமா:
இல்லை அண்ணை.

முன்னாள் செயலாளர்:
அப்ப சதம் குடுக்காதேங்கோ. ஊரில முக்காவாசி ஸ்கான் பெரியாஸ்பத்திரியில சும்மா எடுத்தது. எந்தக் கழகம் எண்டு எனக்குப் பிடிபட்டிட்டுது, ஞாயிறு பின்னேரம் நானும் உங்களோட வாறன்.