விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ராக்கெட் கிளம்பியதைப் பார்த்த குமரி மாவட்டத்தார்: அனுபவப் பகிர்வு

வில்லுக்குறிக்காரி:

ஆன்டாரஸ் ராக்கெட் வெடித்த அன்று நான் கைதட்டினேன். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போயிருந்த சமயம். 2014 அக்டோபர் 28. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் சிக்னஸ் என்ற ஆளில்லாக் கலத்தோடு, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்திலிருந்து அது கிளம்பவிருந்தது. முந்தின நாளும் போயிருந்தோம். தடை செய்யப்பட்ட கடற்பகுதிக்குள் ஏதோ ஒரு மூடன் பாய்மரப் படகில் வந்து நின்றதால், கிளம்பச் சில நிமிடங்களே இருந்தபோது நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மருமகன் விடுப்பெடுத்துக்கொண்டு மறுபடியும் அழைத்துப் போனார். ஏவுதளத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், சின்கோட்டீக் தீவுக்குப் போகும் சாலையோரத்தில், சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நின்றோம்.

மாலை 6:22. சூரியன் மறைந்து சற்று நேரமாகியிருந்தது. அடிவானத்தில் ஓர் ஒளி தோன்றி, ஓசையே இல்லாமல், திரியைத் தூண்டிய விளக்குப் போல மேலே எழுந்தது. மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து என்று எண்ணும்போது அந்த ஒளி சட்டென்று பல மடங்கு பெருத்தது. ராக்கெட்டின் அடுக்குகள் கழன்று அடுத்த இன்ஜின் பற்றிக்கொள்ளும் என்று மருமகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் இது என்று நினைத்துக் கைதட்டினேன். என்னைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவனும் தட்டினான். ஒளி மேலே போகவில்லை, கீழே வந்தது. தரையைத் தொட்டதும் வானம் முழுவதும் செம்மஞ்சளாகியது. அப்போதும் ஓர் ஓசையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஓசை வந்தது. வெடித்த ஓசையன்று, கிளம்பிய ஓசை. ஒலி 10 கிலோமீட்டரைக் கடக்க அரை நிமிடம் ஆகும் என்பதால், கண்ணெதிரே எரிந்து கிடந்த ஒன்று நல்லபடியாகப் புறப்படும் முழக்கத்தை ஏறக்குறைய பதினைந்து விநாடிகள் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த முழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு வெடிப்பின் அதிர்ச்சி நெஞ்சில் வந்து அடித்தது. சாலையோரக் கார்களெல்லாம் அலறத் தொடங்கின.

ஒருவருக்கும் காயமில்லை. போனது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட சரக்கும், அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் செய்து அனுப்பிய சோதனைகளும். நிலவுக்குப் போகவென்று சோவியத் நாட்டில் செய்து, பயன்படாமல் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த இன்ஜின்களைப் புதுப்பித்துப் பூட்டியிருந்தார்கள் என்பதும், அவற்றில் ஒன்றின் ஆக்சிஜன் பம்பு வெடித்ததே காரணம் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் நான் தட்டியதைக் கேட்டு ஒரு பெண் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

வல்லவிளை கப்பல்காரன்:

அம்மா, உங்கள் அனுபவத்தைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் "மூடன்" என்ற ஒரு சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. என் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

2018 டிசம்பர் 5 அன்று எங்கள் சரக்குக் கப்பல் புளோரிடாவில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது. டிராகன் என்ற சரக்குக் கலத்தோடு ஃபால்கன் ராக்கெட் நிலையத்துக்குக் கிளம்பிய நாள். சோதனை எலிகளின் தீவனம் பூஞ்சை பிடித்துவிட்டது என்று ஒரு நாள் தள்ளிப் போட்டார்களே, அந்தப் பயணந்தான். மேல்தளத்தில் துரு தட்டிக்கொண்டிருந்த நான் அது மேலே போனதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துவிட்டேன். எட்டு நிமிடம் கழித்து நிமிர்ந்தபோது, கரையில் இறங்க வேண்டிய ராக்கெட்டின் அடிப்பாகம் பம்பரம் போலச் சுழன்றபடி கடலை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீரைத் தொடும் முன் சுழற்சி தணிந்து, நெருப்பைக் கக்கியபடி ஒரு கணம் நேராக நின்று, பிறகு மெல்லச் சாய்ந்தது. அதில் ஆள் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் கால்கள் உயிர்காப்புப் படகை நோக்கி ஓடின. கடலில் ஒன்று கவிழ்வதைக் கண்டால் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு வேறொன்றும் தோன்றாது.

அதைத் திசை திருப்பும் துடுப்புகளின் பம்பு நின்றுவிட்டதே காரணம் என்றார்கள். கடைசி நொடி வரை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கரைப்பக்கம் திரும்பும்படியும், இல்லாவிட்டால் கடலிலேயே விழும்படியும் அதற்கு வழி வகுத்திருந்தார்கள். டிராகன் எந்தக் குறையுமின்றி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி அந்தப் படகுக்காரருக்கு வருகிறேன். வானொலியில் கூப்பிட்டும் அவரிடமிருந்து பதில் வரவில்லை என்று செய்தியில் இருந்தது. பதில் வராததற்கு மூடத்தனம் மட்டுமா காரணம்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கரையில் எச்சரிக்கை கேட்கத் தொடங்கிய நேரத்தில் எங்கள் ஊர் விசைப்படகுகள் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. படகிலுள்ள வானொலிக் கருவி சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு அப்பால் செவிடாகிவிடும். எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். அதன் பிறகுதான் நாவிக் என்ற நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கிருந்து ராக்கெட்டுகள் தெற்கே கிளம்பும் நாளில் தடை செய்யப்பட்ட பகுதி நம் மீனவர்களின் கடலாக இருக்கும். அன்றைக்கு எங்கள் ஆளொருவர் தெரியாமல் உள்ளே நின்றுவிட்டால் அவரையும் இதே சொல்லால்தான் அழைப்பார்கள். ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மார்த்தாண்டம் இயற்பியல்:

2017 பிப்ரவரியில் டிராகனோடு ஃபால்கன் கிளம்பியதைப் புளோரிடாவின் டைட்டஸ்வில் கரையில் நின்று பார்த்தேன். முதல் நாள் 13 விநாடிகள் இருக்கும்போது நிறுத்தினார்கள். மறுநாள் கிளம்பியது, ஆனால் தாழ்ந்திருந்த மேகத்துக்குள் கண் சிமிட்டும் நேரத்தில் புகுந்து மறைந்துவிட்டது. நிலவுக்கு மனிதர் கிளம்பிய அதே 39ஏ ஏவுதளம். நான் கண்டது சில விநாடி நெருப்பும் நிறைய மேகமும்.

இனிப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசை தாமதமாக வந்ததை அம்மா ஏதோ அமானுஷ்யம் போல எழுதியிருக்கிறார்; கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு போனால் எந்தத் திகைப்பும் இருக்காது. அடுத்தது, ஏவும் நேரம் ஏன் விநாடி பிசகாமல் குறிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நிலையத்தின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. பூமியின் சுழற்சி ஏவுதளத்தை அந்தப் பாதைத் தளத்தின் நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தும் கணத்தில் கிளம்பினால்தான் எரிபொருள் போதும். நிறுத்தத்தில் நிற்காமல் உருண்டுபோகும் பேருந்தில் தாவி ஏறுவது போன்றது இது. தவறவிட்டால் மறுநாள்தான், அதுவும் ஏறத்தாழ 23 நிமிடம் முன்னதாக. அம்மா சொன்ன ஏவுதலே சான்று: 27ஆம் தேதி 6:45 என்று குறித்திருந்தது, 28ஆம் தேதி 6:22 ஆனது. ஆகவே திரும்பும் விமானச் சீட்டை மறுநாளுக்கு எடுக்காதீர்கள், மூன்று நாளாவது கையில் வையுங்கள். சதுப்பு நிலக் கொசு நம் வயற்காட்டுக் கொசுவைவிடப் பொல்லாதது, முழுக்கைச் சட்டை போடுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்க முயலாதீர்கள், அதைவிட நல்ல படம் ஐந்து நிமிடத்தில் நாசா தந்துவிடும்; தொலைநோக்கி இருந்தால் போதும். அடிப்பாகம் கரைக்குத் திரும்பும் பயணமென்றால் கிளம்பியவுடன் காரை எடுத்துவிடாமல் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள், அது இறங்கும்போது எழும் அதிர்வொலி கிளம்பும் முழக்கத்தைவிட மனத்தில் நிற்கும். ஆன்டாரஸைப் பார்க்கலாமென்று யாரும் இப்போது வாலப்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டாம். அதன் அடிப்பாகம் உக்ரைனிலும் இன்ஜின் ரஷ்யாவிலும் செய்யப்பட்டவை. போருக்குப் பிறகு இருந்த ராக்கெட்டுகள் தீர்ந்து, 2023 ஆகஸ்டில் அந்த வகையின் கடைசி ராக்கெட் போய்விட்டது. அதன் பிறகு சிக்னஸும் புளோரிடாவிலிருந்து ஃபால்கனில்தான் போகிறது.

குளச்சல் கடைக்காரன்:

ஐயா அவர்கள் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் கடையில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தவன்.

2015 ஜூன் 28, ஞாயிறு, நம் நேரம் இரவு 7:51. டிராகனை ஏற்றிக் கிளம்பிய 139ஆவது விநாடியில் ஃபால்கன் ராக்கெட்டின் தலைப்பகுதியில் வெண்புகை பூத்துத் துண்டு துண்டாகியது. உள்ளே ஹீலியம் உருளையைப் பிடித்திருந்த ஒரு தாங்கு கம்பி முறிந்ததாம், தாங்க வேண்டிய எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கே முறிந்ததாம். என்னை வருத்துவது அதுவன்று. ராக்கெட் சிதறிய பிறகும் டிராகன் கலம் முழுசாகப் பிழைத்து, தொடுவானத்துக்குக் கீழே போய்த் தொடர்பு அறும் வரை தரவு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மெல்ல இறங்க உதவும் பாராசூட் குடை அதனிடம் இருந்தது. ஆனால் ஏறும் வழியில் இப்படி ஆனால் குடையை விரி என்ற கட்டளையை அதன் மென்பொருளில் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த கலங்களுக்கு எழுதிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த திரையில் வெறும் நீலவானம் ஓடிக்கொண்டிருந்தபோது அது விழுந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் என்னவோ செய்கிறது.

அழகியபாண்டியபுரம்:

மகேந்திரகிரியில் இன்ஜின் சோதிக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான்; ராக்கெட் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. சிவன் சாரும் நாராயணன் சாரும் நம் மாவட்டத்திலிருந்து போய் இஸ்ரோவின் தலைவர்களானதில் எங்கள் பாட்டிக்கு அவர்களைப் பெற்ற பெருமிதம்.

2020 அக்டோபர் 3, கொரோனாக் காலம், காலை 6:46. ஒரு சிக்னஸ் கிளம்புவதைத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்குக் கைப்பேசியில் காட்டினேன். வாலப்ஸில் அப்போது முந்தின நாள் இரவு. அந்தச் சிக்னஸ் கலத்துக்குக் கல்பனா சாவ்லாவின் பெயரை வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

"யாரு போறா மக்கா அதுல?" என்று கேட்டார். ஆள் இல்லை, சாமான்கள் மட்டும் என்றேன். அமெரிக்க அரசாங்கத்தின் பெரிய விண்வெளி ஓடங்கள் 2011இல் ஓய்வு பெற்றுவிட்டதால் தனியார் நிறுவனங்களுக்கு வாடகை கொடுத்து லாரியில் சரக்கு அனுப்புவது போல அனுப்புகிறார்கள் என்று விளக்கினேன். என்ன சாமான் என்றார். மற்றவற்றோடு 2.3 கோடி டாலரில் செய்த ஒரு புதிய கழிப்பறையும் போகிறது என்றேன். சிரித்தார். பிறகு கலத்தின் பெயரைச் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். சிரிப்பு நின்றது. 2003இல் தொலைக்காட்சியில் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

"அந்தப் பிள்ளை திரும்பி வரல்லியே மக்கா. அவ பேரு வச்சது திரும்பி வருமா?"

சிக்னஸ் எதுவும் திரும்பி வருவதில்லை. சரக்கை இறக்கிவிட்டு, நிலையத்தின் குப்பையை ஏற்றிக்கொண்டு, காற்று மண்டலத்தில் எரிந்து அழிவதற்காகவே செய்யப்பட்டது. கல்பனா சாவ்லா திரும்பி வந்த கொலம்பியா ஓடம் எப்படிப் போனதோ அப்படி, ஆனால் இது வேண்டுமென்றே. இதெல்லாம் எனக்குத் தெரியும். திரையில் அந்த நெருப்பு அழகாக ஏறிக்கொண்டிருந்தது.

"வரும் பாட்டி" என்றேன்.

வில்லுக்குறிக்காரி:

மார்த்தாண்டம் ஐயாவுக்கு: நானும் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள்தான். ஒலியின் வேகம் தெரியாமல் நான் திகைக்கவில்லை. தெரிந்துகொண்டே திகைத்தேன்.

வல்லவிளைத் தம்பிக்கு: அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று குளிரில் நின்ற எரிச்சலில் வந்தது. ஒக்கியை நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அழகியபாண்டியபுரம் தம்பி, பாட்டி பிறகு கேட்டார்களா?

அழகியபாண்டியபுரம்:

கேட்டார், அம்மா. 2021 பொங்கலன்று, பானை வைத்துவிட்டு முற்றத்தில் நின்றபடி, "அந்தப் பிள்ளை பேரு வச்சது வந்துட்டா?" என்றார். கலம் ஜனவரி 6ஆம் தேதியே நிலையத்தை விட்டு விலகியிருந்தது. விண்வெளியில் தீ எப்படிப் பரவுகிறது என்று பார்க்க அதற்குள்ளேயே தீ மூட்டிச் சோதிப்பதற்காக உடனே எரிய விடாமல் சில வாரங்கள் சுற்ற விட்டிருந்தார்கள். மாத இறுதியில்தான் இறக்கி எரித்தார்கள்.

"இன்னும் மேலேதான் சுத்திட்டிருக்கு பாட்டி" என்றேன். அன்றைக்கு அது உண்மை. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.