மறுமொழி: எஞ்சின் ஒயில் தண்ணீருக்குள் போவதற்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள் (கூலன்ட்) எஞ்சின் ஒயில் கலந்துவிடும் பழுதுக்கு, மாணவர் கையேட்டில் எழுத ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘குளிரூட்டி எண்ணெய் மாசு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் குளிரூட்டி என்றால் ஏசிதான். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஏசி கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெய் கேட்கிறேன் என்று நினைத்து, எந்த வாகனம் என்று விசாரித்தார். அந்த முதற்சொல்லை மாற்றினாலும் ‘எண்ணெய் மாசு’ இடறுகிறது. எண்ணெய் மாசுபட்டதா, எண்ணெயால் மாசுபட்டதா? இரண்டும் வேறு வேறு பழுதுகள். (கூலன்டுக்கு என்ன சொல் என்பதைத் தனியாகப் பேசுவோம். இங்கே தண்ணீர் என்றே எழுதுகிறேன்.)

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. போன வருடம் என் வேனில் ரேடியேட்டர் தண்ணீருக்கான ரிசர்வ் டாங்கி மூடியைத் திறந்தபோது, உட்பக்கம் பால்தேநீர் நிறத்தில் களி மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் வழுக்கியது. சவர்க்காரம் போட்டால்தான் போனது. ஒயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் சுத்தம். முதலில் காட்டிய கராஜில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லி, ஹெட்டையே கழற்றிப் பூட்டினார்கள். இரண்டு கிழமையில் மறுபடி அதே களி. ஆமர் வீதிப் பக்கம் இன்னொரு கராஜில் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்), டிப்ஸ்டிக்கையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தண்ணிக்குத்தான் ஒயில் ஏறியிருக்கு, ஒயிலுக்குத் தண்ணி ஏறல்ல. ஒயில் கூலரைக் கழற்றுவம்” என்றார். ஒயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம் அது. கழற்றிய கூலரை வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்று அடித்தார். ஒரு மூலையிலிருந்து ஊசிமுனை அளவில் குமிழிகள் வந்தன.

எஞ்சின் ஓடும்போது ஒயில் அழுத்தம் 3, 4 பார் வரை இருக்கும். தண்ணீர்ப் பக்கமோ 1 பார் அளவில் ரேடியேட்டர் மூடி திறந்துவிடும். ஆகவே கூலரில் ஓட்டை விழுந்தால் ஒயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான தண்ணீரின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும்; தண்ணீர் மறுபக்கம் போக வழி கிடைப்பது அப்போதுதான். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டரில் குமிழி, வெள்ளைப் புகை, எஞ்சின் அளவுமீறிச் சூடாவது என்று வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும். தண்ணீரில் ஒயில் கலந்தால் ரப்பர் குழாய்கள் ஊதிப்போகும். ஒயிலில் தண்ணீர் கலந்தாலோ பெயாரிங் தேய்ந்துவிடும், வண்டியை உடனே நிறுத்த வேண்டும். எது எதற்குள் போனது என்று சொல்லாத கலைச்சொல் மாணவனைத் தவறான இடத்தில் கழற்றவைக்கும்.

அந்த பாஸின் வாயில் வந்த ‘ஏறு’ என்பதையே எடுப்போமே. கிணற்றுக்கு உப்பு ஏறியது, உடம்புக்கு விஷம் ஏறியது என்கிறோம். ‘ஏறல் என்றால் மேலே போவதுதானே’ என்று கேட்கக்கூடியவர்களுக்கும் இதுவே என் பதில். என் முன்மொழிவு ‘எண்ணெயேறல்’. ஓட்டோ கியர் வாகனங்கள் பலவற்றில் கியர் ஒயிலும் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்வதால் அதுவும் கலக்கலாம்; களி அப்போது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதையும் இந்தச் சொல் தாங்கும். ‘எண்ணெயேற்றம்’ வேண்டாம், யாரோ வேண்டுமென்று ஏற்றியதுபோல் ஒலிக்கிறது. களிக்கு ஏற்கனவே பால்மம் (எண்ணெயும் தண்ணீரும் பால்போல் கலந்தது) என்ற நல்ல சொல் இருக்கிறது, ‘பால்மக் களி’ போதும்.

கையேட்டில் இப்படி எழுதலாம்: “டாங்கி மூடியில் பால்மக் களி இருந்து டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது எண்ணெயேறல், ஒயில் கூலர் உள்ள எஞ்சினில் அதை முதலில் சோதிக்கவும்.”

மறுதிசைப் பழுதுக்கு ‘நீரேறல்’ என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. மழைக்காலத்தில் களனி கங்கை பெருகினால் இங்கே வீட்டுக்கும் வாகனத்துக்கும் தண்ணீர் ஏறுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினையும் மாணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ‘ஒயில் நீரேறல்’ என்று முன்னொட்டோடு வைக்கலாமா? யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கக் கராஜ்களில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள்.