செட்டு மாட்டியதிலிருந்து டேஷ்போர்டு விளக்கு எரியவில்லை, அவசரம்

கோட்டையூரான்:
நேற்று காரைக்குடியில் ஒரு கடையில் காருக்குப் புதுச் செட்டு மாட்டினோம். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ராத்திரி பார்த்தால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. கடைக்காரர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். விடிகாலை நாலரைக்கு அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போக வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீசல்:
என்ன கார்?

ஆயில்கேன்:
பேட்டரிதான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். எனக்கும் இதே தொல்லை, புதுசு போட்டதும் சரியாகிவிட்டது.

பள்ளத்தூர் டீசல்:
பேட்டரி இறங்கியிருந்தால் செட்டு எப்படி அண்ணே பாடும்? தம்பி, ‘ஒரு விளக்கும்’ என்றால் எது? சாவி போட்டதும் ஆயில், பேட்டரி சிவப்பு விளக்குகள் வருகிறதா, மீட்டர் வெளிச்சம் மட்டும் இல்லையா? டெயில் லாம்ப் எரிகிறதா?

மல்டிமீட்டர்:
இதற்கு இங்கே நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கையில் மீட்டர் இல்லாதவர் வயரைத் தொடக் கூடாது என்பேன், சொன்னால் பொல்லாப்பு.

கோட்டையூரான்:
வேகன் ஆர். சிவப்பு விளக்குகள் வருகின்றன. மீட்டரும் ஏசி திருகும்தான் இருட்டு. டெயில் லாம்ப் தெரியவில்லை, வண்டியின் பின்பக்கம் வளவுச் சுவரோடு ஒட்டி நிற்கிறது.

பள்ளத்தூர் டீசல்:
லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி, சுவரில் சிவப்பு விழுகிறதா பாருங்கள். போதும்.

கோட்டையூரான்:
விழவில்லை.

தேவகோட்டை வயர்மேன்:
அப்படியானால் ஃப்யூஸ். மீட்டர் வெளிச்சமும் டெயில் லாம்பும் பெரும்பாலும் ஒரே ஃப்யூஸில்தான் ஓடும். ஸ்டியரிங்குக்குக் கீழே பெட்டி இருக்கும், மூடியில் டெயில் என்று போட்டிருக்கும். ஆனால் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். புதுச் செட்டிலிருந்து வரும் வயர்களில் மஞ்சள் எப்போதும் கரண்ட், சிவப்பு சாவி போட்டால் கரண்ட், கறுப்பு எர்த், ஆரஞ்சு வெளிச்சத்துக்கு. வண்டியின் டெயில் லாம்ப், பார்க்கிங் லைட் லைன் வந்து சேர்வது இந்த ஆரஞ்சில். சும்மா முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரு பகல் நின்றாலே டேப்பின் பசை இளகி நழுவும். செட்டை வெளியே இழுத்து, அந்த முனை தகரத்தில் உரசுகிறதா பாருங்கள். வண்டிப் பக்கத்து வயரின் நிறத்தை நம்பாதீர்கள், அது வேறு கணக்கு.

ஆயில்கேன்:
இவ்வளவு எதற்கு? 20 ஆம்பியர் மஞ்சள் ஃப்யூஸைச் செருகுங்கள், போகவே போகாது. எங்கள் வளவில் பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் நாலு இழை செம்புக் கம்பி சுற்றித்தான் இத்தனை காலமாக ஓடுகிறது.

மல்டிமீட்டர்:
உங்கள் வீட்டு உத்தரம் பர்மாத் தேக்கு, பற்ற நேரமாகும். காரின் டேஷ்போர்டு பிளாஸ்டிக். நாலு மூலையில் 5 வாட் பல்பு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, மீட்டருக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தாலும் 3 ஆம்பியரைத் தாண்டாது. அதில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். ஃப்யூஸைப் பெரிதாக்கினால் அடுத்து வயர்தான் ஃப்யூஸ்.

ஆயில்கேன்:
வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அய்யா காலத்து வயரிங், தேக்குச் சட்டத்தில் ஓடுகிறது. ஒரு தடவை புகைந்ததில்லை.

கானாடுகாத்தான் 2:
அந்தச் சட்டம் எடுக்கும்போது யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லுங்கள். பித்தளைத் திருகோடு கேட்கிறேன், நல்ல விலை தருவேன்.

ஆயில்கேன்:
விற்பதற்கில்லை.

தேவகோட்டை வயர்மேன்:
தம்பி, இவர்களை விடுங்கள். உரசும் இடம் தெரியாவிட்டால் ஃப்யூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் பல்பைக் கோத்து, பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். செட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு வயராக அசையுங்கள். எதைத் தொடும்போது மங்குகிறதோ அதுதான். ஃப்யூஸும் மிச்சம்.

பள்ளத்தூர் டீசல்:
சரியாகாவிட்டால் விடிந்த பிறகு கிளம்புங்கள். குன்றக்குடி ரோட்டில் பின் விளக்கு இல்லாமல் இருட்டில் போக வேண்டாம். பிள்ளையார் எங்கும் போய்விட மாட்டார்.

மல்டிமீட்டர்:
1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஐப் படிக்கவும். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு விளக்கு கட்டாயம்.

கானாடுகாத்தான் 2:
ஆள் எங்கே? ஒரு மணி நேரமாகச் சத்தமே இல்லை.

கோட்டையூரான்:
மன்னிக்கவும், செல்லில் சார்ஜ் இல்லை. ஆரஞ்சுதான். டேப் சுருண்டு ஒதுங்கி, செம்பு செட்டின் தகரக் கூட்டில் பட்டுக்கொண்டிருந்தது, பட்ட இடத்தில் மிளகு அளவு கருகல். மடக்கிக் கட்டிவிட்டு 10 ஆம்பியர் போட்டேன். சுவர் சிவப்பாகிவிட்டது. அப்பத்தா இப்போதே எழுந்துவிட்டார். வருகிறேன்.

புதுவயல்:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் ஹாரன் அடித்தால் செட்டு நின்று போகிறது. என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் டீசல்:
என்ன கார்?

ஆயில்கேன்:
பேட்டரி.