வலிக்குமோ?

செங்கோட்டையிலிருந்து:

தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து 11 வருஷம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறவர். இலையும் தூளும் முறமும் நடுவீட்டில்தான் கிடக்கும். கடைக்குப் போகாமலே தம்பி நாளுக்கு ஒன்றரைக் கட்டு இழுப்பான். காதில் கேட்கும் குரல்களைப் பற்றி, "இழுத்தா சத்தம் கொஞ்சம் தள்ளிப் போகுதுக்கா" என்பான். அம்மாவும் அதை நம்பி முறத்திலிருந்து ஒதுக்கி வைப்பார்.

போன வருஷம் கால் முறிந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் மலையாளத்தில் "வலிக்குமோ?" என்றார். அவர் கேட்டது புகை பிடிப்பானா என்று. அம்மா, "இல்ல டாக்டரே, ஊசி போட்டப்புறம் வலிக்கல" என்றார். புகைப் பழக்கம் இல்லை என்று சீட்டில் ஏறிவிட்டது. 1956 வரை மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அப்படியும் ஒரு சொல் கவிழ்த்துவிட்டது.

வார்டில் பீடி கிடையாது. மாத்திரை மட்டும் வழக்கம்போல, குளோசபின் 350 மில்லிகிராம். ஐந்தாறு நாளில் தலையணை நனைய எச்சில் வடிந்தது. சோற்றை வாயில் வைத்தபடியே தூங்கினான். கை வெட்டி வெட்டி இழுத்தது. வலி மருந்தின் மயக்கம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நெல்லையில் அவனைப் பார்க்கும் மனநல மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பீடி நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதியை முடுக்கிவிடுமாம். குளோசபினையும், அதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான ஒலான்சபினையும் சிதைப்பது முக்கியமாக அதுதான். அதனால் பீடி குடிக்கிறவனுக்கு டோஸ் கூட வேண்டும். புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதி அடங்கி, அதே மாத்திரை ரத்தத்தில் ஒன்றரை மடங்காகலாம், மேலேயும் போகலாம். வலிப்புகூட வரும். டோஸைக் குறைத்த பிறகுதான் தெளிந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கை மறுபடி முறத்துக்குப் போனது. குறைத்த டோஸ், பழைய பீடி. மூன்றாம் வாரம் சுவரோடு பேச ஆரம்பித்தான்.

சத்தம் தள்ளிப் போவது பற்றியும் நெல்லை டாக்டரிடம் கேட்டேன். நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அப்போது வரும் பரபரப்பை அடுத்த பீடி தணிக்கிறது, அதைத்தான் அவன் அப்படிச் சொல்கிறான் என்றார். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. முதல் இழுப்பில் அவன் முகம் இளகுவதைப் பார்த்தவள் நான்.

இப்போது டாக்டர் டோஸைப் பார்த்துப் பார்த்து மாற்ற, நாளுக்கு ஆறு பீடியில் நிற்கிறான். இடையில் நிகோடின் சூயிங்கம். மருந்தைக் கரைப்பது புகைதான், நிகோடின் இல்லை என்பதால் கம்மால் அந்தச் சிக்கல் இல்லை. அம்மா கட்டுக் கணக்கு நோட்டிலேயே அவன் கணக்கையும் எழுதுகிறார்.

நகரியிலிருந்து:

அக்கா, இதைப் படித்ததும் எங்கள் சித்தப்பா ஞாபகம். தறி ஓட்டுகிறவர், ஒலான்சபின் சாப்பிடுகிறார். கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் சிகரெட்டைத் தொடமாட்டார். அந்த நாட்களில் தறியிலேயே சாய்ந்து தூங்குவார். சாமி ஆளை அமைதியாக்கிவிட்டது என்று வீட்டில் பூரிப்பு வேறு. ஒரு வருஷம் தூங்கி வழிகிறாரே என்று சித்தியே மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். மாலையைக் கழற்றிய அன்றே சிகரெட். பொங்கலுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சாப்பிட மறுத்தார். இந்த வருஷமும் மாலை போடுகிறார். ஐப்பசி கடைசி வாரத்துக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கியாச்சு.