சிறிய கேபினெட்டில் ரைசன் 5600ஜி: மதர்போர்டு பொருந்துமா என்பதை எப்படி உறுதி செய்வது?

காவிரிக்கரை (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டு மேசையில் அதிக இடம் பிடிக்காத ஒரு சிறிய கணினியை நானே அசெம்பிள் செய்ய எண்ணியிருக்கிறேன். ரைசன் 5 5600ஜி பிராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர், 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ரேம், 2280 அளவில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டின் எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான சேமிப்பகம்) ஆகியவை கைவசம் இருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். கேபினெட்டாகச் சில்வர்ஸ்டோன் எஸ்ஜி13ஐ மனத்தில் வைத்திருக்கிறேன். பழைய கணினியில் இருக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையே (மின்வழங்கி) அதில் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்.

மதர்போர்டில்தான் குழப்பம். சென்னை ரிட்சி தெருவில் ஒரு கடையில், ஏற்கெனவே பயன்படுத்திய, பி450 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) கொண்ட மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவுப் போர்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் ஏ520 அல்லது பி550 சிப்செட் கொண்டவை இருக்கின்றன. ஆனால் விலை கூடுதல். மூன்றும் ஏஎம்4 சாக்கெட்தான் (பிராசஸர் உட்காரும் இடம்) என்பதால் எதை எடுத்தாலும் ஓடும் என்கிறார் கடைக்காரர். சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? 4கே மானிட்டர் ஒன்றை இணைக்க வேண்டும், வைஃபை வேண்டும். வாங்குவதற்கு முன் எவற்றை, எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்புளி

சாக்கெட் ஒன்றாக இருப்பது தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. பெரிய கேபினெட்டில் அசெம்பிள் செய்கிறவர்கள் மதர்போர்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வாங்குவார்கள். சிறிய கணினியில் அந்த வரிசை தலைகீழாக வேண்டும்: கேபினெட் முதலில், அதற்குள் அடங்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூலரும் அடுத்து, மதர்போர்டு கடைசியில்.

எஸ்ஜி13 மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளுக்கான கேபினெட், அதாவது 170 மி.மீ. சதுரம். எஸ்எம்பிஎஸ் பிராசஸருக்கு நேர் மேலே அமர்வதால், ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போட்டால் கூலர் 61 மி.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பிராசஸருடன் வந்திருக்கும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54 மி.மீ. ஆகவே அது அடங்கும். ஆனால் மின்விசிறிக்கு மேலே 7 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும் என்பதால், நம் ஊர்க் கோடையில் கொஞ்சம் இரைச்சலை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். இந்தக் கேபினெட்டுக்கு 150 மி.மீ. வரைதான் பரிந்துரைக்கப்படுகிறது, 140 மி.மீ. நீளமுள்ள சாதாரண வகை வசதியாக உட்காரும், கேபிள்களை மடித்து வைக்கவும் சற்று இடம் கிடைக்கும். 160, 180 மி.மீ. நீளமுள்ள பெரிய எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால், போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே உங்கள் திட்டம் மாறிவிடும்.

இனி பிராசஸருக்கும் போர்டுக்கும் உள்ள பொருத்தம். பி450 சிப்செட் 2018இல் வந்தது. பி550உம் ஏ520உம் 2020இல் வந்தன. உங்கள் 5600ஜி சில்லறை விற்பனைக்கு வந்ததோ 2021 ஆகஸ்டில். ஆக, மூன்று சிப்செட்களுமே இந்தப் பிராசஸருக்கு மூத்தவை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த பயாஸுடனேயே (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு போர்டு கடை அலமாரியில் கிடந்திருந்தால், சாக்கெட்டில் பிராசஸர் சரியாக உட்கார்ந்தாலும் திரையில் எதுவும் வராது. எனவே போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்குரிய பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, 5600ஜி என்ற வரிக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடையில் இருக்கும் போர்டில் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். மாடல் பெயரோடு நின்றுவிடாமல், போர்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு ரிவிஷன்களுக்குத் தனித்தனி ஆதரவுப் பக்கங்கள் இருப்பது உண்டு.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. பயாஸ் புதிதாக இருந்தால் ஓடும். அந்த நிபந்தனையை மட்டும் அவர் சொல்லவில்லை.

பழைய இரும்பு

திருப்புளி சொன்ன வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மினி-ஐடிஎக்ஸ் உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லையே. இந்த அளவில் ஒரே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் இரண்டு ரேம் ஸ்லாட்டுகளும்தான் கிடைக்கும். அதற்கு மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டைவிடக் கூடுதலாகப் பணம் தர வேண்டியிருக்கிறது. 244 மி.மீ. சதுரமான மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டு பிடிக்கும் ஒரு சிறிய கேபினெட்டை எடுத்தால் மலிவான போர்டுகளில் நிறையத் தேர்வு இருக்கும்.

அந்த அளவுகூட மேசைக்குப் பெரிது என்றால், அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 போன்ற ஒன்றைப் பார்க்கலாம். கேபினெட்டும் போர்டும் அடாப்டரும் சேர்ந்தே வருகின்றன. மொத்தக் கொள்ளளவே 2 லிட்டருக்குள்தான். பொருத்தம் பார்க்கும் தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

திருப்புளி

டெஸ்க்மினி நல்ல பொருள்தான். ஆனால் கேள்வி கேட்டவரிடம் உள்ளவற்றுக்கு அது ஒத்துவராது. அதில் மடிக்கணினிக்குரிய சிறிய எஸ்ஓ-டிம் ரேம்தான் பொருந்தும்; அவரிடம் இருப்பது மேசைக்கணினிக்குரிய நீள ரேமாகத்தான் இருக்கும். கூலர் 46 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும், அவருடையது 54. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அங்கே வேலையில்லை. கையில் இருக்கும் மூன்று பொருள்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கினால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும். மைக்ரோ-ஏடிஎக்ஸ் யோசனையை மறுக்க மாட்டேன். மேசையில் இடம் இருந்தால் அது நியாயமான வழி.

ஈயப்பற்று

பிராசஸர் ஓடுமா என்பதைப் பற்றி மேலே விளக்கமாகவே சொல்லிவிட்டார்கள். ஓடிய பிறகு எரிச்சலூட்டுகிற சில விஷயங்களை நான் சேர்க்கிறேன்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மானிட்டருக்கான இணைப்பு போர்டின் பின்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பி450 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே, அதில் 4கே காட்சி 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மவுஸை நகர்த்தினாலே சுட்டி தத்தித் தத்திப் போவது கண்ணுக்குத் தெரியும், நாள் முழுவதும் அதில் வேலை செய்ய முடியாது. எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால்தான் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பெட்டியின் மேல் எச்டிஎம்ஐ என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பாமல், விவரக்குறிப்பில் உச்சத் தெளிவுத்திறனுக்குப் பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள்.

வைஃபை கார்டு இல்லாத போர்டை எடுத்துத் தனியாக வாங்கிப் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை வழக்கமான கார்டுகள். ஏஎம்டி போர்டிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பார்வைக்கு அவற்றைப் போலவே இருந்தாலும் இன்டெல் தளங்களுக்கு மட்டுமே உரியவை. ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்திவிடும்; ஆனால் உங்கள் கணினி அதைக் கண்டுகொள்ளாது. எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம்.

எஸ்எஸ்டிக்கு வருவோம். 170 மி.மீ. சதுரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால், சில மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் எம்.2 ஸ்லாட் ஒன்று போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். கேபினெட்டில் பொருத்திய பிறகு அதைத் தொட வேண்டுமானால் போர்டையே கழற்ற வேண்டியதுதான். ஒரே எஸ்எஸ்டிதான் என்றால் மேல்பக்க ஸ்லாட்டில் போட்டுவிடுங்கள். அந்த ஸ்லாட் என்விஎம்இ ஏற்கிறதா, வேகம் குறைந்த பழைய சாட்டா வகை மட்டும்தானா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேமில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இரண்டு ஸ்லாட்டுகளையும் நிரப்பியே ஆக வேண்டும்; 5600ஜியின் உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால் ஒற்றை ரேமுடன் அதன் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். ரேமை அதிகப்படுத்த நினைக்கும் நாளில், இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் பெரியதைப் போட முடியும்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. எஸ்எம்பிஎஸ்ஸை அளந்து பார்த்தேன், 140 மி.மீ.தான். ரேமும் நீள வகையே. மேசையில் இடம் இல்லாததால் எஸ்ஜி13இலேயே நிற்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பி550 வாங்கினால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 (எஸ்எஸ்டியும் கார்டுகளும் பயன்படுத்தும் இணைப்பின், 3.0ஐவிட வேகமான பதிப்பு) கிடைக்கிறது, எஸ்எஸ்டியின் வேகத்துக்காக அந்தக் கூடுதல் விலையைத் தரலாமா? வாங்கும் போர்டில் பழைய பயாஸ் இருந்துவிட்டால், நண்பரிடம் உள்ள ரைசன் 5 3400ஜியை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, அதை வைத்து பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரியா?

திருப்புளி

முதல் ஐயத்துக்கு: வேண்டாம். 4.0 வேகத்துக்குப் போர்டு மட்டும் போதாது, பிராசஸரும் அதை ஆதரிக்க வேண்டும். 5600ஜி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான் தரும். பி550 போர்டில் போட்டாலும் உங்கள் எஸ்எஸ்டி 3.0 வேகத்தில்தான் ஓடும். பின்னாளில் 5600 அல்லது 5700எக்ஸ் போன்ற பிராசஸருக்கு மாறி, தனி கிராபிக்ஸ் கார்டும் போடும் எண்ணம் இருந்தால் மட்டுமே அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. ஏ520இல் பிராசஸரை அதன் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் வசதி இல்லை என்பார்கள், 61 மி.மீ.க்குள் அடங்கும் கூலரை வைத்துக்கொண்டு யாரும் அதைத் தேடப் போவதில்லை.

இரண்டாவதில்தான் ஒரு பொறி இருக்கிறது. 3400ஜி என்ற பெயர் 3600உடன் சேர்ந்த ரைசன் 3000 வரிசை போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது அதற்கு முந்தைய தலைமுறையின் ஸென் பிளஸ் வடிவமைப்பு. பி550, ஏ520 சிப்செட்களில் 3400ஜிக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது, பி450இல் உண்டு. எனவே நண்பரின் பிராசஸர், பயன்படுத்திய பி450 போர்டை வாங்கினால்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். அப்போதும் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாமல், இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றச் சொல்லியிருக்கிறதா என்று பதிவிறக்கப் பக்கத்தில் பாருங்கள். புதிய போர்டுகளில் சிலவற்றில் பிராசஸரே இல்லாமல், பென் டிரைவையும் பின்பக்கப் பொத்தானையும் வைத்து பயாஸை ஏற்றும் வசதி இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஏ520 மாடலில் அது இருந்தால், இரவல் பிராசஸருக்கு அவசியமே இல்லை.

என் தேர்வைக் கேட்டால், டிஸ்ப்ளேபோர்ட்டும் வைஃபையும் உள்ள புதிய ஏ520. பயன்படுத்திய பி450 பக்கம் மனம் சாய்ந்தால், பின்பக்க இணைப்புகளைச் சூழ்ந்து நிற்கும் தகரத் தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது போர்டுக்குப் போர்டு வேறுபடும், தனியாகத் தேடினால் எளிதில் கிடைக்காது. அது இல்லாவிட்டால் கேபினெட்டின் பின்னால் பெரிய ஓட்டையோடு தூசியை வரவேற்க வேண்டியதுதான்.

எதை வாங்கினாலும் உடனே கேபினெட்டுக்குள் திருகிவிடாதீர்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் அதை வைத்து, பிராசஸர், கூலர், ஒற்றை ரேம், மானிட்டர் ஆகியவற்றை மட்டும் இணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனைக் கேபிளையும் பிராசஸருக்கான 8 முனைக் கேபிளையும் செருகி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பயாஸ் திரையின் முதல் பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் பிராசஸரின் பெயரும் தெரியும். கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. எஸ்ஜி13க்குள் எஸ்எம்பிஎஸ் ஏறிய பிறகு அந்த 8 முனைக் கேபிளைக் கழற்றக் கைவிரல் நுழையாது.